ஆற்றங்கரையில் நம் பங்கு

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சிக்கனத்தை வலியுறுத்த எழுந்த மொழி அது. எனினும் அதனுள் வேறொரு நினைப்பும் மறைந்து கிடக்கிறது. ஆற்றில் போட்டது தொலைந்தது. அது திரும்பி வாராது. அதற்கு எவரும் கணக்குக் கேட்கமாட்டார் என்பதே அந்நினைப்பு. முன்னோர் காலத்தில் இதனால் பெருந்தீங்கு விளையவில்லை. அவர்கள் ஆற்றில் விட்டவை வாழையிலையும் பூமாலையும் சாம்பலும்தாம். ஆறு அவற்றைச் செரித்துக்கொண்டது. இன்று நாம் விடுவனவோ நெகிழிப் பைகள், பட்டறை எண்ணெய், ஆலைக் கழிவு என ஆற்றால் செரிக்க இயலாதவை. ஆகவே, ஆற்றில் போட்டது எங்கே போகிறது, அதனை எடுப்பது யார் கடமை என்னும் வினாக்கள் இன்று அறவினாக்களாகவே நம்முன் நிற்கின்றன.

இவற்றை நான் நூல்களில் படித்து எண்ணத் தொடங்கவில்லை. ஒரு தாயார் என்னைக் கேட்டார். விடை சொல்ல இயலாமல் நின்றேன். அன்று தொடங்கிய எண்ணமே இக்கட்டுரை.

ஒரு தாயின் வினா

சிலாங்கூரில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியின் பின்புறம் ஒரு சிற்றாறு ஓடுகிறது. பெரிய மழை பெய்தாலன்றி அதற்கு ஆறு என்னும் பெயர் பொருந்தாது. ஆயினும் அது கிள்ளான் ஆற்றின் பிள்ளை. கிள்ளான் ஆற்றை நம் மாணவர் யாவரும் அறிவர். தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றி, 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையில் தேங்கி, கோலாலம்பூரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கூடி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய நகரங்களைக் கடந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையை அடைகிறது அது. இவ்விரண்டு ஆறுகளும் கூடும் சேற்றிடமே கோலாலம்பூர் எனப் பெயர் பெற்றது. ஆற்றால் பிறந்தது நம் தலைநகர். தன்னைப் பெற்றவளை அது எந்நிலையில் வைத்திருக்கிறது என்பதைப் பாலத்தின்மீது நின்று பார்ப்பவர் எவரும் அறிவர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை காலையில், அச்சிற்றாற்றைத் துப்புரவு செய்ய எங்கள் பள்ளியில் கோத்தோங் ரோயோங் ஏற்பாடு செய்தோம். சிறப்பு விருந்தினர் வந்தார். பதாகை கட்டப்பெற்றது. உரைகள் நிகழ்ந்தன. மாணவர்கள் கரையிறங்கிக் குப்பைகளைப் பொறுக்கி மூட்டை மூட்டையாகக் கட்டினார்கள். நண்பகலில் கரை பளிச்சிட்டது. எல்லாம் செவ்வனே முடிந்ததென நான் மகிழ்ந்திருந்த வேளையில், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்துச் செல்ல வந்த தாயார் என்னருகே வந்து நின்றார். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறேன்.

“சார், எங்கப்பா முனிசிபல்ல சாக்கடை அள்ளினாரு. நான் ஆபீசுல குப்பை கூட்டுறேன். எம்மகன் படிச்சு வேற வேலைக்குப் போகட்டும்னுதான் இங்க அனுப்புறேன். எவனோ போட்ட குப்பைய அவனும் அள்ளணுமா சார்?”

அவர் சினந்து கேட்கவில்லை. களைத்த குரலில் கேட்டார். நான் பொதுநலம் பற்றிச் சில சொற்கள் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு மகனோடு போய்விட்டார். என் சொற்கள் அவரைத் தொடவில்லை என்பதும், தொடத்தக்க சொற்கள் அவை அல்ல என்பதும் எனக்கே தெரிந்தன.

அன்று மாலை, எடுத்த நிழற்படங்களைப் பார்த்தேன். பதாகையைப் பிடித்து நின்றவர்கள் யார், சாக்கைப் பிடித்து நீரில் நின்றவர்கள் யார் என்று அப்போதுதான் கவனித்தேன். சட்டாம்பிள்ளைகளும், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் கரைமேல் நின்றார்கள். அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் கூலித் தொழிலாளர் பிள்ளைகள் முழங்கால் நீரில் நின்றார்கள். எவரும் அவ்வாறு பிரித்து நிறுத்தவில்லை. ‘வேலை செய்யத் தெரிந்தவர்கள் இறங்குங்கள்’ என்று நான் சொல்லியிருந்தேன். கை பழகியவர்கள் இறங்கினார்கள். எவரும் திட்டமிடாமலே அப்படி நிகழ்ந்ததுதான் என்னை மிகுதியும் வருத்தியது. எந்தக் கைகள் அழுக்கைத் தொடும் என்பதைச் சமுதாயம் முன்பே வகுத்துவைத்திருக்கிறது. அந்த வகுப்பை நான் ‘தொண்டு’ என்னும் பெயரால் மீண்டும் ஒருமுறை நடத்திக் காட்டியிருக்கிறேன்.

இந்நாட்டில் நம்மவர் காடு திருத்தினர். சாலையும் இருப்புப்பாதையும் இட்டனர். நகரங்களின் கழிவையும் தலைமுறை தலைமுறையாக அகற்றினர். அவ்வுழைப்பில் இழிவு எதுவும் இல்லை. இது இன்னாருடைய வேலை எனப் பிறப்பைக் கொண்டு பிறர் முடிவு செய்வதிலேதான் இழிவு இருக்கிறது. அத்தாயாரின் வினா அந்த இழிவைக் குறித்தது. அதற்கு விடை காணாமல் ஆற்றுத் தொண்டைப் பற்றிப் பேசுவது அறமாகாது என்று உணர்ந்தேன்.

பங்கு என்னும் சொல்

விடை தேடிய எனக்கு, சமய வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லிவந்த ஒரு கதை துணையாயிற்று. திருவிளையாடற் புராணத்தில் வரும் பிட்டுக்கு மண் சுமந்த கதை அது. அதனை இங்கே பத்திக் கதையாக அன்றி, ஓர் ஊரும் ஓர் ஆறும் பற்றிய அறக்கதையாகவே காண வேண்டுகிறேன்.

வையையில் வெள்ளம் பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. மதுரை மக்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து கரையை அடைக்க வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிடுகிறான். கரை அளந்து பங்கிடப்படுகிறது. பிட்டு விற்று வாழும் வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு வருகிறது. அவளுக்கோ பிள்ளையும் இல்லை. கூலி கொடுக்கப் பொருளும் இல்லை. இறைவன் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, அவள் பங்கை ஏற்கிறான். ஏற்றவன் வேலையை முடிக்காமல் ஆடிப் பாடி உறங்குகிறான். எல்லார் பங்கும் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் திறந்து கிடக்கிறது. அரசன் சினந்து பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அடித்த அரசன் முதுகிலும் அரசியர் முதுகிலும் உலகத்து உயிர்கள் அனைத்தின்மீதும் விழுகிறது.

இக்கதை மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. ஆற்றங்கரையில் ஊரார் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது முதல் உண்மை. ஆற்றருகே வாழ்வதனாலேயே அப்பங்கு வருகிறது. செல்வமோ குலமோ அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லை. தன் பங்கைச் செய்ய இயலாதவர் ஊரில் இருப்பர். அவர் பங்கை மற்றொருவர் தாமாக ஏற்க வேண்டும் என்பது இரண்டாம் உண்மை. ஒருவர் பங்கு அடைபடாமற் போனாலும் அதன் அடி அனைவர் முதுகிலும் விழும் என்பது மூன்றாம் உண்மை. வெள்ளத்துக்கு வந்தியின் பங்கு, வணிகன் பங்கு என்ற வேறுபாடு தெரியாது. திறந்த இடத்தில் அது நுழையும்.

கதையில் மட்டுமன்றி வாழ்விலும் தமிழகத்து ஊர்கள் இவ்வாறு பங்கிட்டு நீர்நிலைகளைக் காத்தன. ஏரிக்கரையை உயர்த்துவதும் வாய்க்காலைத் தூர்வாருவதும் ஊரார் கூடிச் செய்த பணிகள். அதனைக் குடிமராமத்து என்றனர். இந்நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மாரில் பலர் அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்களே. ஆயினும் அவ்வழக்கத்தைக் குறையற்றதெனப் போற்றுவதும் தவறாகும். நிலமுடையவர் பயிர் செழிக்க, நிலமற்றவர் தோள்களே பெரும்பாலும் மண் சுமந்தன. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தபின், ஊராரின் கடமையாக இருந்தது அரசின் ஆணையாகவும் மாறியது. சுமையையும் பயனையும் சரியாகப் பங்கிடாத பொதுப்பணி, பெயரளவில் பொதுப்பணியே அன்றிப் பொருளளவில் ஊழியமே. எங்கள் பள்ளியின் அந்தச் சனிக்கிழமையும் அத்தகையதாகவே அமைந்துவிட்டது.

இயலாதவரும் செய்யாதவரும்

இவ்வளவும் எண்ணியபின் அத்தாயாரின் வினாவில் இருந்த கூர்மை எனக்குத் தெளிவாயிற்று. ‘எவனோ போட்ட குப்பை’ என்றார் அவர். வந்தி தன் பங்கைச் செய்ய மறுத்தவள் அல்லள்; செய்ய இயலாதவள். அவளுக்காகச் செய்தது தொண்டு. ஆனால் ஆற்றில் குப்பை கொட்டியவன் இயலாதவனா? கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவைத் தவிர்க்க நள்ளிரவில் குழாயைத் திறந்துவிடும் ஆலை இயலாததா? அவர்கள் இயலாதவர் அல்லர், செய்யாதவர். செய்யாதவன் பங்கை நாம் வாய்மூடிச் செய்துகொடுத்தால் அவனுக்கு அஃது ஊக்கமாக முடியும். அவன் இன்று ஒரு மூட்டை கொட்டுவான். நாம் எடுப்போம் என அறிந்தால் நாளை இரண்டு மூட்டை கொட்டுவான்.

ஆகவே, ஆற்றுத் தொண்டைப் பற்றி நான் கண்ட முடிவு இது: இயலாதவன் பங்கை ஏற்பது தொண்டு, செய்யாதவன் பங்கைச் செய்யவைப்பதும் தொண்டே. முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டுவிட்டால் தொண்டு பிறர் குற்றத்தை மூடும் போர்வையாகிவிடும். பின்னதை மட்டும் பேசி முன்னதை விட்டுவிட்டால் அது வெறும் பழிதூற்றலாக முடியும்.

இயலாதவர் யார்? நான் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். எழுபதுகளின் இறுதியில், ரப்பர்ப் பால் உறைந்தபின் எஞ்சும் புளித்த நீர் ஆலையிலிருந்து கால்வாய் வழியே ஆற்றில் இறங்கியதைச் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். அதன் நாற்றம் இன்றும் நினைவிலிருக்கிறது. ஆலைக்குக் கீழேதான் எங்கள் லயங்கள் இருந்தன. அந்த ஆற்றில்தான் எங்கள் அன்னையர் துணி துவைத்தனர், நாங்கள் குளித்தோம். உடம்பில் சொறி வந்தால் வேப்பிலை அரைத்துப் பூசினார்களே அன்றி, ஆலையைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிகள் வந்தன. அத்தகைய சட்டம் ஒன்று இருப்பதைக்கூட எங்கள் பெற்றோர் அறியார். அவர்களே இயலாதவர். ஆற்றுக்கும் வாய் இல்லை, மீனுக்கும் இல்லை, இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் இல்லை. இவர்கள் அனைவரும் வந்தியின் வரிசையில் நிற்பவர்கள்.

மேலூரும் கீழூரும்

அடுத்த முறை நாங்கள் சாக்கை எடுக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்தோம். விருப்பமுள்ளவர் மட்டும் வரலாம் என்று அறிவித்தேன். பெற்றோரையும் ஆசிரியரையும் அழைத்தேன். கையுறை, காலணி இல்லாமல் எவரும் நீரில் இறங்கலாகாது. இறங்குவதானால் தலைமையாசிரியர் முதலில் இறங்க வேண்டும் என்று விதி செய்தோம். குப்பை கிடக்கும் இடத்தில் தொடங்கி, அது வரும் வழியைத் தேடி ஆற்றின் மேற்புறமாக நடந்தோம்.

ஆறு என்றவுடன் நம் கண்முன் வருவது இரு கரைகளுக்கு இடையே ஓடும் நீர். உண்மையில் ஆறு அவ்வளவில் அடங்குவதன்று. ஓர் இலையைப் பாருங்கள். நடுநரம்பு மட்டும் இலையாகாது. கிளை நரம்புகளும், அவற்றுக்கிடையே பரந்த பச்சையும் சேர்ந்ததே இலை. அதுபோல, எந்தெந்த நிலத்தில் விழும் மழை ஓர் ஆற்றை வந்து சேருகிறதோ அந்நிலம் முழுவதும் அவ்வாற்றின் உடம்பாகும். அதனை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். மலைக்காடு வெட்டப்பட்டால் வேர் பிடித்திருந்த மண் கரைந்து ஆற்றில் படிகிறது, ஆறு ஆழம் குறைகிறது, மழைநீர் கரைமீறுகிறது. நிலம் முழுவதும் சிமெண்டால் மூடப்பட்டால் மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீர் ஒரே வேகத்தில் கால்வாயில் பாய்கிறது. 1971 சனவரியில் கோலாலம்பூர் கண்ட பெருவெள்ளத்தையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா கூரை வரை மூழ்கியதையும் இந்நாட்டவர் மறக்கமாட்டார். கனமழையே அவற்றுக்கு முதற்காரணம். ஆயினும் பெய்த மழையை நிலம் எவ்வாறு ஏற்கிறது என்பது மனிதர் செய்து வைத்ததைப் பொறுத்தது. நம் பள்ளிக் கூரையில் விழும் மழையும் ஆற்றுக்கே போகிறது எனின், ஆற்றங்கரையில் வாழாதவர் என எவரும் இலர்.

இவ்வுண்மையை அன்று நாங்கள் வேறொரு விதமாகவும் கற்றோம். கரையோரமாக மேல்நோக்கி முந்நூறு அடி நடந்திருப்போம். ஒரு கால்வாயின் வாயில் வெண்மையான கொழுப்புத் திட்டுகள் ஒட்டியிருந்தன. சோற்றுப் பருக்கையும் மிதந்தது. “இந்தக் கால்வாய் எங்கிருந்து வருகிறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். தொடர்ந்து சென்று பார்த்தோம். அது எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் பின்புறத்தில் போய் நின்றது. பாத்திரம் கழுவிய நீர் எண்ணெயோடும் சவர்க்காரத்தோடும் பல ஆண்டுகளாக நேரே ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் தேடிச் சென்ற ‘செய்யாதவர்’ பட்டியலில் முதற்பெயர் எங்களுடையதாயிற்று. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று நான் நடத்திய பாடத்தைப் போல் வேறெந்த நீதிப் பாடத்தையும் என் ஆசிரியப் பணியில் நடத்தியதில்லை. அதனை நடத்தியவனும் நானல்லேன்.

அந்த வாரமே கொழுப்பைத் தடுக்கும் தொட்டி ஒன்றை வைக்க ஏற்பாடு செய்தோம். அதன்பின்னரே மேலும் நடந்தோம். ஒரு பட்டறையின் எண்ணெய், சில உணவுக்கடைகளின் கழிவு, குப்பைத் தொட்டியே வைக்கப்படாத ஒரு குடியிருப்பு எனக் கண்டவற்றை எல்லாம் நாளும் நேரமும் இடமும் குறித்து உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். முதல் மடலுக்கு விடை வரவில்லை. இரண்டாம் மடலுக்கு, அது வேறோர் அலுவலகத்தின் பொறுப்பு என்று விடை வந்தது. மூன்றாம் மடலுக்குப்பின் அதிகாரிகள் வந்து பார்த்தனர். பட்டறையின் எண்ணெய் நின்றது. உணவுக்கடைகளில் ஒன்று மாறியது, மற்றவை மாறவில்லை. ஆயினும் கைதூக்கிக் கேட்கக் கற்ற பிள்ளைகள் பெரியவர்களாகியும் கேட்பார்கள் என்னும் நம்பிக்கை எனக்குண்டு.

மேலூரார் செயல் கீழூராரைத் தொடுவதை நம் நாடு பெருஞ்செலவில் கற்றிருக்கிறது. 2019 மார்ச் மாதத்தில் சொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் என்னும் சிற்றாற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. அதன் நச்சுக் காற்றால் மாணவர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங்கில் கலந்த கழிவினால், சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளுக்குரிய வீடுகளிலும் கடைகளிலும் குழாய் வற்றியது. கொட்டியவர் சிலர், குடத்தோடு நின்றவர் பல இலட்சம். அரசன் ஓங்கிய பிரம்பு அனைவர் முதுகிலும் விழுந்த கதை இதுவன்றி வேறென்ன?

அரசின் பங்கும் மக்களின் பங்கும்

‘இஃது அரசின் வேலை; வரி செலுத்தும் நாம் ஏன் கரையில் நிற்க வேண்டும்?’ என்று கேட்பவர் உண்டு. அவர் கேள்வியிலும் பாதி உண்மை இருக்கிறது. அண்டை நாடான சிங்கப்பூரைப் பார்ப்போம். 1977-இல் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டும் எனப் பணித்தார். 1987-இல் அப்பணி நிறைவேறியது. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக்கடைகள் கழிவுநீர்க் குழாயுள்ள இடங்களுக்கு மாறின. பல்லாயிரம் குடும்பங்கள் புதிய வீடுகளுக்குப் பெயர்ந்தன. இவ்வளவையும் தன்னார்வலர் கூட்டம் எத்தனை சனிக்கிழமை கூடினாலும் செய்ய இயலாது. சட்டம், பணம், ஆணை ஆகிய மூன்றும் அரசிடமே உள்ளன. மலேசியாவிலும் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, தண்டத் தொகையின் உச்சவரம்பு ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கது.

ஆயின், சட்டத்துக்குக் கண்கள் வேண்டும். நள்ளிரவில் திறக்கப்படும் குழாயை அலுவலகத்தில் இருப்பவர் காணமாட்டார். அடுத்த தெருவில் இருப்பவர் காண்பார். நேற்று வரை இருந்த மீன் இன்று இல்லை என்பதை ஆற்றோரம் நடப்பவரே அறிவர். இந்நாட்டின் சுற்றுச்சூழல் துறை, நீரில் கரைந்த உயிர்வளி, கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்க்குத் தேவைப்படும் உயிர்வளி, வேதிமுறையில் தேவைப்படும் உயிர்வளி, அம்மோனியா, மிதக்கும் திண்மங்கள், அமிலகாரநிலை ஆகிய ஆறு அளவைகளைக் கொண்டு ஆற்றின் தரத்தை மதிப்பிடுகிறது. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு எண், நதி, வழி என மூன்று பொருள் உண்டெனக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இவற்றுள் சிலவற்றை எளிய கருவிகளைக் கொண்டு மாணவரே அளக்கலாம். கருவியே இல்லையெனினும், கல்லைப் புரட்டினால் தும்பியின் இளம்பூச்சிகள் இருக்கின்றனவா, சிவந்த புழுக்கள் மட்டும் நெளிகின்றனவா என்று பார்த்தே நீரின் நலத்தை ஓரளவு உணரலாம்.

பினாங்கில் 1997-இல் தோன்றிய ‘வாட்டர் வாட்ச் பினாங்கு’, சிங்கப்பூரில் 1998-இல் தோன்றிய ‘வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி’ ஆகியவை மக்களே நீரைக் காக்கக் கூடிய அமைப்புகள். சிங்கப்பூர் ஆறு தூய்மையடைந்த பதினோராண்டுகளுக்குப் பின்னர் அங்கே ஒரு மக்கள் சங்கம் பிறந்தது கருதத்தக்கது. அரசு ஓர் ஆற்றைத் தூய்மையாக்கிவிடலாம். அதனை நாள்தோறும் தூய்மையாக வைத்திருப்பது மக்கள் பழக்கத்தாலன்றி இயலாது. அரசின் பங்கை மக்கள் செய்ய இயலாது. மக்களின் பங்கை அரசு செய்ய இயலாது. இரண்டில் ஒன்று திறந்து கிடந்தாலும் வெள்ளம் நுழையும்.

மீண்டும் வரும் குப்பை

இறுதியாக ஓர் ஐயம். ‘இன்று எடுத்தால் நாளை மீண்டும் வருகிறதே, இந்த உழைப்புக்குப் பயன் என்ன?’ இது சோர்வில் பிறக்கும் வினா. எனக்கும் பலமுறை பிறந்திருக்கிறது. அப்போதெல்லாம் நம் வீட்டு வாயிலை நினைத்துக்கொள்வேன். விடியலில் நம் தாய்மார் வாசல் தெளித்துக் கோலமிடுகிறார்கள். மாலைக்குள் அது மிதிபட்டு அழியும் என அறிந்தே இடுகிறார்கள். நேற்று இட்டோமே என்று இன்று இடாதிருப்பதில்லை. அழிவது கோலத்தின் குறையன்று. மீண்டும் இடுவதே அந்த வீடு உயிரோடிருப்பதன் அடையாளம். ஆறும் ஓர் ஊரின் வாசல். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். ஒப்புரவு பற்றிப் பேசுமிடத்தில் ஊரார் உண்ணும் நீர்நிலையை உவமையாக்கினார். நீரைப் பற்றிய பேச்சு நம் மரபில் என்றுமே அறத்தைப் பற்றிய பேச்சாக இருந்துவந்திருக்கிறது.

அத்தாயாரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். சிற்றுண்டிச்சாலைக் கால்வாய்ச் செய்தி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசப்பட்டபோது அவரும் வந்திருந்தார். என் தவற்றை நானே எடுத்துச் சொன்னேன். நிழற்படத்தில் கண்டதையும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, தம் குடியிருப்பில் குப்பை வண்டி எந்நாளில் வருவதில்லை, எந்தத் தொட்டி உடைந்து கிடக்கிறது, நிரம்பிய தொட்டியின் குப்பை மழைநாளில் எந்தக் கால்வாயில் இறங்குகிறது என ஒவ்வொன்றாகச் சொன்னார். துப்புரவுப் பணியில் பல்லாண்டு பெற்ற அறிவு அது. எங்கள் மூன்றாம் மடலில் இருந்த செய்திகளில் பாதி அவர் தந்தவை. குப்பை அள்ளுவது மட்டுமே தம்மவர் பங்கு என்று உலகம் சொல்லிவந்த ஒருவர், அக்குப்பை ஏன் அங்கே வருகிறது என்று கேட்பவராக எழுந்து நின்றார். அவர் மகனும் பின்னர் எங்களோடு வந்தான். எவரும் அழைக்காமல் வந்தான். அவன் கையில் குறிப்பேடு இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் பள்ளியின் பின்புறத்திலும் ஒரு கால்வாய் ஓடும். அது போகும் திசையை ஒருநாள் சென்று பாருங்கள். பின்னர், அது வரும் திசையையும் சென்று பாருங்கள். முதலில் நம் பங்கை முடிப்போம். அடுத்து, இயலாதவர் பங்கை ஏற்போம். அதன்பின் செய்யாதவரை நோக்கி, ‘உன் பங்கு எங்கே?’ என்று அச்சமின்றிக் கேட்போம். இவ்வரிசை மாறாதிருந்தால், ‘எவனோ போட்ட குப்பையை என் மகனும் அள்ள வேண்டுமா?’ என்று எந்தத் தாயும் நம்மைக் கேட்கும் நிலை வாராது. வந்தாலும், தலைகுனியாமல் விடை சொல்ல நம்மால் இயலும்.